மைக்கம்மாவின் வீட்டுக்காரர்

பஸ் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் வேலை. அதனால் டெப்போவில் எல்லோருக்கும் அவர் சீட்டுக்காரர். விவரம் தெரியாத புது ஆட்கள், மாதச் சீட்டு நடத்துகிறவர் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, என்னையும் சீட்டுல சேத்துக்கங்க" என்று வந்து நிற்பதுண்டு. "தாராளமா. உக்காரு" என்று, மெத்தையைப் பிரித்துப் போட்டுக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டைக் கையால் காட்டுவார்.

அவர் பேசியதில் பெரும்பகுதி அவ்வளவுதான். ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கிற வேலை. கைக்கு வாகாக இருக்கட்டும் என்று நாலைந்து ஆணியை எப்போதும் உதட்டில் கடித்திருப்பார். "வாய்ல ஆணிய வச்சுக்கிட்டு என்னத்தப் பேசுறது" என்பது அவர் சொல்லும் சாக்கு. ஆணியைத் துப்பிய பிறகும் பேசமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பேச்சுக்கெல்லாம் சொந்தக்காரர் அவர் மனைவி. பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொன்னவர். ஊரே அவரை மைக்கம்மா என்றது. சீட்டுக்காரருக்கே கூட டெப்போவுக்கு வெளியில் "மைக்கம்மாவின் வீட்டுக்காரர்" என்றுதான் அடையாளம். எங்களுக்கு அவர் அக்கா. அக்காவின் குரலைத் தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி தனித்தனியாக விழும். எந்த வண்டி எந்த நடைமேடை, யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது எல்லாம் அந்தக் குரலில்தான் ஊருக்குத் தெரியும். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் பெற்றவர்களிடம் பேசமாட்டார். பிள்ளையிடமே பேசுவார். "கண்ணு, எங்க நிக்கிறியோ அங்கேயே நில்லு. அழுதுக்கிட்டே நின்னாலும் பரவால்ல. ஆனா நகராத" என்பார். ஓடிக்கொண்டிருக்கிற பெரியவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

நான் அதே டெப்போவில் கண்டக்டராக இருந்தவன். டெப்போ ஆட்களில் எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டுக்காரர் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடக்கும். வெளிப்பக்கமாகப் படி ஏறிப் போகிற சின்ன வீடு. உள்ளே பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஜன்னலைத் திறக்கக் கை நீட்ட முடியாது.

அக்கா ஜெபம் செய்வது அறிவிப்பு சொல்கிற மாதிரியே இருக்கும். "ஆண்டவரே, டிரைவர் அண்ணன் நாளைக்கு மலைப்பாதை வண்டி எடுக்கிறாரு. பிரேக்க நீங்க பாத்துக்கங்க, தூக்கத்த அவரு பாத்துக்குவாரு. கண்டக்டர் தம்பி வீட்டுல மாசமா இருக்கா. வாந்தி நிக்க மாட்டேங்குது, ஒரு வாய் சோறு தங்க வையுங்க." அலங்காரம் கிடையாது. எதிரில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி. கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஆண்டவர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

சீட்டுக்காரர் வாசல் ஓரமாக, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் வாய் திறந்து ஜெபித்ததில்லை. கேட்டால், "அவ எனக்கும் சேத்துச் சொல்லிருவா" என்பார். "ஒரு டிக்கெட்ல ரெண்டு பேரு போக முடியாதுண்ணே" என்று நான் சீண்டுவேன். "செக்கர் உன்னை மாதிரி ஆளு இல்ல, விட்டுருவாரு" என்பார். பிள்ளை இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவருக்கு அவள் "இவளே". அவளுக்கு அவர் "ஏங்க". அந்த ஒரு "ஏங்க"வை அக்கா எத்தனை விதமாகச் சொல்வார்! சோறு ஆறுகிறது என்பதற்கு ஒன்று, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்பதற்கு ஒன்று, சும்மா பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்பதற்கு இன்னொன்று.

கெட்ட காலம் ஒரேயடியாக வரவில்லை. முதலில் பஸ் நிலையத்துக்கு மெஷின் வந்தது. யாரோ எங்கோ பேசிய டேப்பைப் போட்டுவிட்டு, அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் கம்பெனி பாதி வண்டிகளை நிறுத்தி டெப்போவைப் பூட்டியது. ஒவ்வொரு குடும்பமாக வேலை தேடி வேறு ஊருக்குக் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெஞ்சுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஆட்கள் குறைந்ததால் பாஸ்டருக்கு இன்னும் இரண்டு ஊர்ச் சபைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அவர் மாதம் ஒரு முறை கிடைத்தால் அதிசயம். சீட்டுக்காரர் வீட்டில் பழைய நாற்காலிகளுக்கு மெத்தை தைக்க ஆரம்பித்தார். நான் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மிஞ்சியது நானும் என் மனைவியும், வேலையில்லாத டிரைவர் அண்ணனும், ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மாவும்தான். "இப்பதான் ஜன்னல் திறக்க முடியுது" என்று அக்கா சிரித்தார். போனவர்களில் ஒருவரையும் விடாமல், யார் எந்த ஊரில் என்ன பாடுபடுகிறார்கள் என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு காலையில் அக்கா அடுப்படியிலிருந்து "ஏங்க" என்றார். சீட்டுக்காரர் அடுத்த அறையில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ரெக்சினை இழுத்துப் பிடித்திருந்தார். வாயில் ஆணி. "ம்" என்றார். மறுபடி "ஏங்க" வந்தது. கொஞ்சம் இழுத்த மாதிரி, நாக்கு தடித்த மாதிரி. கையிலிருந்த ஆணியை அடித்துவிட்டுப் போனார். அக்கா சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தார். கரண்டி கையிலேயே இருந்தது.

பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைத் தக்கவைத்தார்கள். வலது கையும் காலும் பாதிக்குமேல் போயிற்று. பேச்சு முழுவதுமாகப் போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரியும். கண் அசைவில் தெரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "த... த..." என்று ஒரு சத்தம்தான் வரும். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். அந்தச் சத்தத்தைத் தானே கேட்டு, அக்கா வாயை மூடிக்கொள்வார்.

"மொத தடவ கூப்டப்பவே போயிருந்தா?" என்று சீட்டுக்காரர் நர்சம்மாவிடம் கேட்டார்.

"ஒரு ஆணி அடிக்கிற நேரத்துல ஒண்ணும் மாறியிருக்காதுண்ணே. இத மனசுல போட்டு அரைக்காதீங்க" என்றார் நர்சம்மா. அவர் அரைத்துக்கொண்டுதான் இருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நாங்கள் ஆளுக்கொரு வேலையாக எடுத்துக்கொண்டோம். பேசி முடிவு செய்ததெல்லாம் இல்லை. நர்சம்மா காலையில் வந்து குளிப்பாட்டி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்தார். என் மனைவி மதியச் சாப்பாடு கொண்டு போனாள். டிரைவர் அண்ணன் டாக்டரிடம் காட்டுகிற நாளில் அக்காவைப் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார். இறங்கும்போது வாயாலேயே ஹாரன் அடிப்பார். அக்காவின் ஒரு பக்க உதடு மட்டும் சிரிக்கும்.

சீட்டுக்காரர் எல்லாவற்றையும் செய்தார். ஊட்டினார், துடைத்தார், துவைத்தார். ஆனால் அந்த வீட்டின் அமைதி அவரைத் தின்றது. "தம்பி, சுவத்துல கெடிகாரம் ஓடுற சத்தம் கேக்குது. இத்தன வருஷத்துல அது சத்தம் போடும்னே எனக்குத் தெரியாது" என்றார் என்னிடம். கடைத்தெருவில் எந்தப் பெண்ணாவது தன் புருஷனை "ஏங்க" என்று கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்ப்பார். அது தன்னை அல்ல என்று தெரிந்துதான் திரும்புவார். நான் பக்கத்தில் இருந்தபோதே இரண்டு முறை நடந்தது. கூப்பிட்ட பெண் முறைத்ததும், கையிலிருந்த பையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

ஒரு நாள் திடீரென்று என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். செல்போன் எல்லாம் ஆளுக்கொன்று வராத காலம். அக்காவின் குரல் எந்த டேப்பிலாவது இருக்காதா என்று அவருக்கு ஒரு நப்பாசை. டைம் கீப்பர் பழைய ஆள். அலமாரியைக் குடைந்தார், மேஜை இழுப்பறைகளைக் கவிழ்த்தார். துருப்பிடித்த ஒரு மைக் கிடைத்தது. அவ்வளவுதான்.

"அக்கா எப்பவும் நேரடியாத்தாண்ணே பேசுவாங்க. தெனமும் வர்ற ஆளாச்சேன்னு பதிவு பண்ணி வைக்க யாருக்கும் தோணல" என்றார்.

சீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். அந்த நிலையைப் பார்க்க முடியாமலோ என்னவோ, டைம் கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்கா மாதிரியே பேசிக் காட்டினார். "பயணிகளின் கவனத்துக்கு. படிக்கட்டுல தொங்குறவங்க கவனத்துக்கும் சேத்து." அச்சு அசல். சுமை தூக்குகிறவர் ஒருவர் ஓடி வந்து, "இல்லல்ல, அக்கா 'சேத்து'ன்னு சொல்லும்போது ஒரு இழுப்பு இருக்கும்" என்று தானும் சொல்லிப் பார்த்தார். பழக்கடைக்காரம்மா, "நீங்க ரெண்டு பேரும் தப்பு" என்று தன் பங்குக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கூட்டம். ஆளாளுக்கு மைக்கம்மா. சீட்டுக்காரர் முதலில் சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வழக்கம்போல மாடிப்படி ஏறினோம். அவர் கதவைப் பாதி திறந்து, குறுக்கே நின்றார்.

"இன்னிக்கு வேண்டாம்."

"உடம்பு சரியில்லையாண்ணே?" என்றார் நர்சம்மா.

"உடம்பெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஜெபம் வேண்டாம். இவ ஊருக்கெல்லாம் சேத்துக் கேட்டா. யாராருக்கோ கெடச்சிது. இவளுக்குக் கெடச்சது இது. இன்னும் என்னத்தக் கேக்கப் போறீங்க?"

கதவைச் சாத்திவிட்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

நாங்கள் நாலு பேரும் படியில் நின்றோம். திரும்பிப் போவதா, தட்டுவதா? டிரைவர் அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்தார். "வண்டிய ஷெட்டுக்குள்ள விடலன்னா வாசல்ல நிறுத்துறதுதான்" என்றார் மெதுவாக. நாங்களும் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தோம். அவருக்குத் தொந்தரவாகக் கூடாது என்று குரலைத் தாழ்த்தியே ஜெபித்தோம். எனக்கு வார்த்தை வரவில்லை. நர்சம்மாவும் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார். சொந்த வார்த்தை இல்லாதபோது இருக்கவே இருக்கிறது, இயேசு தம் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம். சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தோம்.

பாதி போயிருக்கும். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாங்கள் நாலு பேர். ஐந்தாவது ஒரு குரல் கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கொஞ்சம் கரகரத்த, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிற குரல்.

நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்தக் குரல் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் போய், "ஆமென்" என்று முடித்தது.

உள்ளே பாத்திரம் விழுந்து உருண்டது. தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் திறக்கிற சத்தம். சீட்டுக்காரர் கஞ்சி சிந்திய சட்டையோடு வெளியே வந்தார். "பேசுறா! அவ பேசுறா! வாங்களேன், ஏன் உக்காந்திருக்கீங்க, வாங்களேன்!" டிரைவர் அண்ணன் "அல்லேலூயா" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

உள்ளே ஓடினோம். சீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "இவளே, என்னப் பாரு. ஏதாவது சொல்லு. என்னக் கூப்டு. வழக்கமா கூப்டுற மாதிரி கூப்டு" என்றார். அக்கா அவரைப் பார்த்தார். கண்ணில் அவ்வளவு ஆசை. வாய் திறந்தது.

"த... த..."

மறுபடி முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. அதேதான். அக்காவின் இடது கை அவர் சட்டையைப் பிடித்துக் கசக்கியது.

நர்சம்மா சீட்டுக்காரரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். "வார்டுல நான் பாத்திருக்கேண்ணே. புதுசா யோசிச்சுப் பேசுறதுதான் இவங்களுக்கு அடிபட்டுப் போயிருக்கு. மனப்பாடமா ஊறிப்போன ஜெபம், பாட்டு எல்லாம் வேற எடத்துல இருக்குமாம். சில பேருக்கு அது மட்டும் தப்பிச்சு நிக்கும். பேச்சு திரும்பிருச்சுன்னு நெனச்சு ஏமாந்துராதீங்க. அதே சமயம், இதுவும் சின்ன விஷயம் இல்ல."

அன்றைக்கு யாருக்கும் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

அதன் பிறகு அவர் செய்ததைச் சொன்னால் அவரைக் குறை சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். காலையில் எழுந்ததும் முதல் வரியை எடுத்துக்கொடுப்பார். அக்கா சொல்லி முடிப்பார். இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதல் வரி. ரேடியோவைத் திருகுகிற மாதிரி. அக்காவும் அவருக்காகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மதியம் நர்சம்மா போனபோது, அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார், கண்ணீர் காதுக்குள் ஓடுகிறது, இவர் விடாமல் முதல் வரியைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க நீங்க? அவங்க என்ன டேப்பா?" நர்சம்மா போட்ட போட்டில் அவர் எழுந்து மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் பாஸ்டர் வந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சின்ன வயதுக்காரர். மூன்று ஊருக்கும் பஸ் மாறி மாறிப் போய் முகமே சாம்பல் பூத்திருந்தது. சீட்டுக்காரர் என்னையும் வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"பாஸ்டரய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஆண்டவர் மேல பொறாமையா இருக்கு."

பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவருகிட்ட மட்டும் பேசுறா. முழுசா, ஒரு பிசிறு இல்லாமப் பேசுறா. இத்தன வருஷம் சோறு தின்னு, சண்ட போட்டு, ஒரே கூரைக்குக் கீழ கெடந்தவன் நான். எனக்கு ஒரு வார்த்த இல்ல. ஒரே ஒரு வார்த்த. அதக் குடுத்துட்டா அவருக்கு என்ன கொறஞ்சிரும்?"

பாஸ்டர் வசனம் ஏதாவது எடுத்துவிடுவார், சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன்.

"எனக்கும் தெரியலைய்யா" என்றார் பாஸ்டர். "தெரிஞ்ச மாதிரி சொன்னா பொய்யாயிரும். இதையே அவருகிட்டயும் சொன்னீங்களா?"

"நான் அவருகிட்டப் பேசுனதே இல்லையே. அவதான் எனக்கும் சேத்து..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்து நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். பாஸ்டர் போன மறுநாள், சாப்பாட்டுக்கு முன்னால், முதல் வரியை எடுத்துக்கொடுத்துவிட்டு அவர் வாயை மூடவில்லை. அக்காவோடு சேர்ந்து தானும் சொல்ல ஆரம்பித்தார். காதில் ஆயிரம் முறை விழுந்த ஜெபம்தான். ஆனால் நாக்குக்குப் பழக்கமில்லை. அக்கா நேரத்துக்குக் கிளம்பும் வண்டி மாதிரி போகிறார். இவர் பின்னால் ஓடுகிறார். அன்றாட ஆகாரத்தைக் கேட்கிற இடத்தைத் தாண்டியதும் இவருக்கு அடுத்தது என்னவென்று மறந்துபோயிற்று. நின்றுவிட்டார்.

அக்காவும் நின்றார்.

"எங்கேயும் நிக்காம ஓடுமே அந்த ஜெபம், ஒரே மூச்சுல? நிறுத்திட்டுத் திரும்பி என்னப் பாத்தா தம்பி. எனக்கு வந்துருச்சான்னு பாக்குறா. அவ மூஞ்சிய நான் பாக்குறேன். ஒண்ணும் வரமாட்டேங்குது. அவ காத்துக்கிட்டே இருக்கா. அப்புறம் எனக்கு ஞாபகம் வந்து சொன்னேன். உடனே அவளும் அங்கேருந்து எடுத்தா." கையில் இருந்த வளைந்த ஊசியை ரெக்சினில் குத்தி வைத்தார். "நான் கேட்ட வார்த்த இல்ல அது. ஆனா என்கிட்டத்தான் பேசுனா. அது எனக்குத் தெரியும்."

நர்சம்மாவிடம் கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அதிலிருந்து தினமும் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் சேர்ந்து சொல்வார்கள். அதற்கு மேல் அவர் அக்காவை வற்புறுத்தியதில்லை. டெப்போ சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பழைய பஸ் சீட்டை வாங்கி வந்தார். காலை வெட்டிக் குட்டையாக்கி, ஸ்பாஞ்சு மாற்றி, சாய்ந்த பக்கத்துக்குத் திண்டு வைத்து, இரண்டு புறமும் கம்பிக் கைப்பிடி பற்றவைத்து, நல்ல நீல ரெக்சினில் தைத்தார். அக்கா அதில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை டிரைவர் அண்ணன் முன் கைப்பிடி, நான் பின் கைப்பிடி. சீட்டோடு தூக்கிக்கொண்டு சபைக்குப் போவோம். "ரைட், ரைட்" என்று நான் குரல் கொடுக்க, டிரைவர் அண்ணன் வளைவில் ஹாரன் அடிக்க, எங்கள் சபைக்கு ஆள் குறைந்திருந்ததே தவிர ஊர்வலத்துக்குக் குறைவில்லை. ஜெபத்தின்போது அக்கா குரல் எல்லோருக்கும் மேலே கேட்கும். வேறு ஊர்களுக்குப் போய்விட்டவர்கள் விடுமுறைக்கு வந்தால், அதைக் கேட்டுப் பெஞ்சில் குனிந்துகொள்வார்கள்.

அவருக்கு ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது சுத்தப் பொய். கடைத்தெருவில் திரும்பிப் பார்ப்பது நிற்கவே இல்லை. ஒரு முறை அவரே என்னிடம் சொன்னார். "பாதித் தூக்கத்துல, அவ அடுப்படியில இருக்கா, இப்பக் கூப்டப் போறான்னு தோணும். கண்ணத் தொறக்காமக் கெடப்பேன். தொறந்தா தெரிஞ்சிருமே."

இரண்டு வருஷம் போயிற்று. டிரைவர் அண்ணனுக்குத் தொலைவில் ஒரு பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. போகிற அன்று அக்காவின் காலடியில் உட்கார்ந்து, வாயால் ஹாரன் அடிக்கப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அக்கா இடது கையால் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, சரியான மழை. என் மனைவிக்குக் காய்ச்சல். நர்சம்மாவைக் காணோம். நான் மட்டும் குடையும் கையுமாகப் படியேறினேன். அக்கா ஜன்னலோரச் சீட்டில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் கடிகாரச் சத்தம் கேட்கவில்லை. நர்சம்மாவுக்காகக் காத்திருந்து பார்த்தோம்.

"ஆரம்பிச்சிருவோம் தம்பி. இந்த மழைல சிஸ்டர் வரமாட்டாங்க" என்றார் சீட்டுக்காரர். நான் கண்ணை மூடிக்கொண்டேன், தொடங்குவதற்கு வார்த்தை தேடினேன். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார். மனப்பாட ஜெபம் இல்லை. சொந்தமாக.

"ஆண்டவரே, நான் சீட்டு தைக்கிறவன். மைக்கம்மாவோட வீட்டுக்காரன்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. கண்டக்டர் தம்பி வீட்டுல காய்ச்சல். கொறைச்சு விடுங்க. டிரைவர் அண்ணன் புது ஊருல தனியாச் சமைச்சுத் திங்கிறாரு. அந்தப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறப்ப கூடவே இருங்க. அப்புறம்..." நிறுத்தினார். மூச்சை இழுத்து விட்டார். "அப்புறம் நான் எப்பவும் கேக்குறதுதான். எனக்கு அவ குரல் வேணும். உங்ககிட்டப் பேசுறாளே, அதுக்கு நன்றி. அத நான் பக்கத்துல இருந்து கேக்குறேன், அதுக்கும் நன்றி. ஆனா எனக்குப் பத்தல. பத்தலன்னு உங்ககிட்டச் சொல்லலாம்தான? குடுக்கலன்னா கோவிச்சுக்கிட்டுப் போக மாட்டேன். எங்க போறது? நாளைக்கும் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். நீங்க சலிச்சாலும்..."

"ஆமென்" என்றார் அக்கா. சத்தமாக, கணீரென்று.

நான் கண்ணைத் திறந்தேன். சீட்டுக்காரர் வாய் திறந்தபடி அவரைப் பார்த்தார். அக்காவின் ஒரு பக்க உதடு சிரித்தது.

"நான் இன்னும் முடிக்கல" என்றார் அவர். "பாத்தியா தம்பி, போதும் முடிங்கிறா." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். நர்சம்மா தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? தெரு முனையில முழங்கால் தண்ணி. செருப்பு ஒண்ணு போயிருச்சு. இந்த மழைல இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன் நான்?"

"முடிக்கல நர்சம்மா, இப்பதான் ஆரம்பிச்சோம்" என்று புளுகினேன்.

சீட்டுக்காரர் துண்டை எடுத்துக் கொடுத்தார். வாசலுக்குப் பக்கத்தில் செருப்புகளை ஒதுக்கிவிட்டு, நர்சம்மா உட்கார அக்காவின் சீட்டுக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டார். அவர் தலையைத் துவட்டி முடிக்கும்வரை காத்திருந்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.